ஹவுஸ் சர்ஜன் முடிந்தது, கையில் மூன்று வாய்ப்பு: சென்னையில் எதைப் பிடிப்பது?

பெரம்பூர்_பல்:

சீனியர்களுக்கு வணக்கம். பல் மருத்துவம் (பி.டி.எஸ்.) படித்து, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்து, தமிழ்நாடு டென்டல் கவுன்சிலில் நிரந்தரப் பதிவும் வாங்கியாகிவிட்டது. இனி எந்தப் பக்கம் போவது என்றுதான் குழப்பம்.

அண்ணா நகரில் ஒரு பெரிய கிளினிக் கூப்பிடுகிறது. மாதம் 15,000. காலை பத்து முதல் இரவு எட்டரை வரை, ஞாயிறு மாற்றி மாற்றி லீவு. இரண்டு வருட ஒப்பந்தம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டுமாம். இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும். விலகிய பிறகு ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் வேறெங்கும் சேரக் கூடாது.

தாம்பரத்தில் ஒரு மேடம் தனியாக நடத்தும் இரண்டு டென்டல் சேர் கொண்ட கிளினிக். சம்பளம் கிடையாது. நான் செய்கிற வேலையில் 40 சதவீதம்.

மூன்றாவது என் மாமா. பெரம்பூரில் அவருடைய கட்டடத்தில் தரைத்தளக் கடை ஒன்று காலியாகிறது. "வாடகையை அப்புறம் பார்த்துக்கலாம், லோன் போட்டு போர்டை மாட்டு" என்கிறார். அம்மாவுக்கோ நான் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) சேர்ந்தால்தான் நிம்மதி. கல்விக் கடன் தவணை சீக்கிரமே தொடங்கப் போகிறது.

கைவேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல் எடுப்பது, கிளீனிங், அடைப்பது எல்லாம் வரும். முன் பல்லில் ரூட் கெனால் செய்திருக்கிறேன். கடைவாய்ப் பல்லில் தனியாக ஆரம்பித்து முடித்ததில்லை. எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை.

பைக்_சர்ஜன்:

ஓரல் சர்ஜரி எம்.டி.எஸ். சொந்த கிளினிக் கிடையாது. ஆவடியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை யார் கூப்பிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஞானப்பல் எடுத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதனால் பல கிளினிக்குகளின் உள்பக்கம் தெரியும்.

முதலில், ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள் தங்கச்சி. சரிபார்க்க வேண்டுமென்றால் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அவ்வளவுதான். நாளை நீங்கள் எம்.டி.எஸ். கவுன்சலிங் போகும்போதோ வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ அந்தக் காகிதத்துக்காக அவர்கள் ரிசப்ஷனில் காத்திருக்க வேண்டி வரும். சென்னையில் ஒரு கிளினிக்கில் என் ஜூனியர் ஒருத்தர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். கடைசியில் வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் சர்டிபிகேட் வெளியே வந்தது.

அந்த ஐந்து கிலோமீட்டர் நிபந்தனைக்குப் பயப்பட வேண்டாம். வேலையை விட்ட பிறகு தொழில் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. இடையில் விலகினால் பணம் கட்டு என்பது வேறு கதை. உங்கள் பயிற்சிக்காக உண்மையிலேயே செலவு செய்திருந்தால் அதைக் காட்டி இழுக்க முடியும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

15,000 குறைவுதான், ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி அங்கே உங்களுக்கு என்ன வேலை தருவார்கள் என்பது. பெரிய இடங்களில் பல நேரம் ஜூனியர் செய்வது நோயாளியின் விவரம் எழுதுவது, ஆர்.வி.ஜி. (பல் எக்ஸ்ரே) எடுப்பது, அதிகம் போனால் பல்லைத் திறந்து விடுவது. மீதியை கன்சல்டன்ட் (சிறப்பு மருத்துவர்) வந்து முடிப்பார். கல்யாணச் சமையலில் காய் நறுக்க மட்டும் ஆள் எடுத்த மாதிரி. இரண்டு வருடம் கழித்தும் சாம்பார் வைக்கத் தெரியாது.

வேளச்சேரி_டாக்டரம்மா:

பைக் சர்ஜன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெரிய கிளினிக் எல்லாமே மோசம் என்றோ, தனி ஆள் நடத்துகிற இடம் எல்லாம் குருகுலம் என்றோ கிடையாது. கல்லாவில் மட்டும் கண் வைத்திருக்கும் தனி ஆட்களும் உண்டு. எனவே ஊர் பேரையும் போர்டையும் பார்த்து முடிவு செய்யாதேம்மா. சேருவதற்கு முன் ஒரு மாலை, ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை, ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேள். மறுத்தால் அதுவே பதில்.

உட்கார்ந்தால் என்ன பார்ப்பது? முதலில் ஆட்டோகிளேவ், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் மெஷின். ஓடுகிறதா, இல்லை துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களா? 121 டிகிரியில் 15 நிமிடம் என்று நாம் பரீட்சையில் எழுதியதை அந்த அசிஸ்டன்ட் பொண்ணு செய்கிறாளா? ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் உட்காரும் இடைவெளியில் பல்லைக் குடையும் ஏரோட்டர் ஹேண்ட்பீஸை என்ன செய்கிறார்கள் என்று கவனி. ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்த வாய்க்குள் விட்டால், தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடு.

அடுத்து, ரூட் கெனாலுக்கு ரப்பர் டேம் (பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் திரை) போடுகிறார்களா என்று பார். போடுபவரிடம் வேலை கற்றால் உன் கையும் அப்படியே பழகும். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது கெனாலை (வேரின் உள்குழாயை) தேடுகிறாரா, மூன்று கிடைத்ததும் போதும் என்று மூடுகிறாரா? தேடுபவர் நேரம் எடுப்பார். அந்த நேரத்தை அந்த கிளினிக் பொறுத்துக்கொள்கிறதா என்பதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது.

மரத்துப்போக ஊசி போடுவதைப் பார்த்தாலே ஒருவரின் பொறுமை தெரிந்துவிடும். 30 மி.லி. குப்பியிலிருந்து 2 மி.லி. சிரிஞ்சில் மருந்தை எடுக்கிறோம். கீழ்த்தாடை பிளாக் போடும்போது ஊசி எலும்பைத் தொட்ட பிறகு லேசாகப் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் மெதுவாக அழுத்துபவர் வேறு. குத்தினோம், தள்ளினோம் என்று இருப்பவர் வேறு. அப்புறம் கீழ் உதட்டில் பாதி மரத்துவிட்டதா என்று கேட்டு, இல்லையென்றால் இன்னும் சில நிமிடம் காத்திருப்பவரிடம்தான் நோயாளி திரும்பி வருவார். "அந்த டாக்டரம்மா கிட்ட வலிக்காது" என்கிற பேச்சு ஒரு தெருவில் பரவினால் போதும், விளம்பரமே வேண்டாம்.

இனி அந்த 40 சதவீதம். எதில் 40 என்று கேட்டாயா? உதாரணத்துக்கு, ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து 8,000 வாங்குகிறார்கள், கேப் செய்து தரும் லேபின் பில் 2,000 என்று வை. லேப் பில்லைக் கழிக்காமல் கணக்கிட்டால் உனக்கு 3,200. கழித்துவிட்டுக் கணக்கிட்டால் 2,400. நோயாளி தவணையில் கொடுத்தால் உனக்கு எப்போது வரும்? கேப் கழன்று வந்தால் மறுபடி ஒட்டுவது யார் கணக்கில்? கன்சல்டன்ட் வந்து செய்தால் உனக்கு ஏதாவது உண்டா? இதையெல்லாம் சேரும் முன்பே வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள். பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள், முதலில் கேட்டால் மதிப்பார்கள்.

கடைவாய்:

மேடம், சதவீதம் மட்டும் என்றால் முதல் சில மாதங்கள் பட்டினிதான். நான் அப்படி ஒரு இடத்தில் சேர்ந்தேன். ஆடி மாதம். கிளினிக்கில் நானும் ஃபேனும் மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தோம். குறைந்தபட்சம் பெட்ரோலுக்காவது ஒரு நிரந்தரத் தொகை கேட்க வேண்டும்.

வேளச்சேரி_டாக்டரம்மா:

உண்மைதான். "ஆறு மாதத்துக்கு ஒரு அடிப்படைத் தொகை, அல்லது சதவீதம், எது அதிகமோ அது" என்று கேட்கலாம். நான் என்னிடம் வேலை செய்பவர்களுக்கு அப்படித்தான் தருகிறேன்.

எட்டாம்நம்பர்:

எம்.டி.எஸ். பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் வருகிறேன். அம்மா எம்.டி.எஸ். படி என்கிறார், சரி. எந்த எம்.டி.எஸ்.? ஒன்பது பிரிவு இருக்கிறது. எண்டோ (ரூட் கெனால்), ஆர்த்தோ (பல் வரிசையைச் சீராக்குவது), சர்ஜரி, புராஸ்தோ (செயற்கைப் பல்), பீடோ (குழந்தைகள்), பெரியோ (ஈறு) என்று ஒரு பக்கம். ஓரல் மெடிசின், பாத்தாலஜி, பொது சுகாதாரம் என்று இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கல்லூரி வேலைதான் வழி. கல்லூரி வேலை பிடித்தவர்களுக்கு அது நல்ல வழி. "ஏதோ ஒரு எம்.டி.எஸ்." என்று சேர்ந்தவர்கள் மூன்று வருடமும் பெரும் பணமும் போன பிறகு மறுபடி பி.டி.எஸ். வேலையையே செய்கிறார்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

நீட் எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வு 240 கேள்வி, மூன்று மணி நேரம், சரியானதுக்கு நான்கு மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழிப்பார்கள். பாதிக் கேள்வி அனாட்டமி, பிசியாலஜி, பார்மகாலஜி மாதிரி முதல் வருடங்களில் நாம் தாண்டி வந்த பாடங்களிலிருந்து வந்த மாதிரி இருக்கும். முழுநேர வேலையோடு படிப்பது கஷ்டம். மாலை மட்டும் கிளினிக், காலை முழுக்கப் படிப்பு என்று பிரித்தவர்கள்தான் என் பேட்ச்சில் நல்ல ரேங்க் வாங்கினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தாலும் அண்ணா நகர் பத்து மணி நேர வேலை உங்களுக்கு ஆகாது.

அரசுக் கல்லூரி சீட் கிடைத்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம். கோட்டை ரயில் நிலையம் எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியின் ஓ.பி. வரிசையைக் காலை எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். 1953-இலிருந்து நடக்கிற இடம். அங்கே ஒரு வாரத்தில் பார்க்கும் வாய்களைத் தனியார் கல்லூரியில் பல மாதம் ஆனாலும் பார்க்க முடியாது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வீட்டை விற்பது என்று பேச்சு வந்தால் மட்டும், தயவுசெய்து, ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

ஓஎம்ஆர்_கோடர்:

நானும் பி.டி.எஸ். தான். இப்போது மெடிக்கல் கோடிங். நோயாளி சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து ஐ.சி.டி. (நோய்), சி.பி.டி. (சிகிச்சை) எண்களாக மாற்றி அமெரிக்க இன்சூரன்ஸுக்கு அனுப்புவது. கோடிங் சான்றிதழுக்கான சி.பி.சி. தேர்வு எழுதினேன். பகல் ஷிப்ட், சனி ஞாயிறு லீவு, பி.எஃப். உண்டு. எங்கள் தளத்திலேயே ஒரு கிரிக்கெட் டீம் போடும் அளவுக்குப் பல் டாக்டர்கள் இருக்கிறோம். பல்லை நேராக்கும் அலைனர் செய்யும் கம்பெனிகளில் கம்ப்யூட்டரில் பல் நகர்த்தும் வேலை, இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்ப்பது, மருந்துப் பாதுகாப்புப் பிரிவு என்று வேறு வாய்ப்பும் இருக்கிறது. இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_போர்செப்ஸ்:

ஐந்து வருடம் படித்து, பிணத்தை அறுத்து, மெழுகில் பல் செதுக்கி, கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கா? அந்த சீட்டை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம்.

ஓஎம்ஆர்_கோடர்:

ஐயா, நான் கிளினிக்கில் இருந்தபோது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தார்கள். அப்போது சீட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வேளச்சேரி_டாக்டரம்மா:

போர்செப்ஸ் சார், விடுங்கள். பிள்ளைகள் ஆசையில்லாமல் போகவில்லை. கவுரவமான சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளத் துப்பில்லாதது நம்முடைய தொழில். கோடர் தம்பிக்கு ஒன்றே ஒன்று. வாரக் கடைசியிலாவது எங்காவது சேரில் நின்று கையைப் பழக்கத்தில் வைத்திருங்கள், கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க சி.டி.இ. (தொடர் கல்வி) புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். திரும்பி வர நினைத்தால் கதவு திறந்திருக்கும்.

பழைய_போர்செப்ஸ்:

சம்பள விஷயத்தில் டாக்டரம்மா சொல்வது சரி. மற்றதில் என் கருத்து அப்படியேதான்.

ஷார்ஜாக்காரன்:

வெளிநாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். வளைகுடாவுக்கு ஹவுஸ் சர்ஜன் முடித்த கையோடு வர முடியாது. யு.ஏ.இ.யில் பொதுப் பல் மருத்துவருக்கு இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள், ஹவுஸ் சர்ஜன் காலம் அதில் சேராது. அந்த அனுபவச் சான்றை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள். நீங்கள் வேலை செய்த கிளினிக்குக்கே கடிதம் போகும். அங்கே ரிசப்ஷனிஸ்ட் "அப்படி யாரும் இல்லையே" என்று பதில் போட்டால் முடிந்தது கதை. சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினாலும் அனுபவக் கடிதத்தை லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதிவு எண்ணோடு வாங்கிவிட்டு வெளியேறுங்கள். பணமாகக் கையில் வாங்காமல் வங்கி வழியாக வாங்குங்கள், அது இன்னொரு சாட்சி.

இங்கிலாந்து என்றால் ஓ.ஆர்.இ. என்ற பதிவுத் தேர்வு, இரண்டு பாகம். இரண்டாம் பாகத்தில் பொம்மைத் தலையில் பல் அறுப்பது, நோயாளியாக நடிப்பவரிடம் பேசுவது எல்லாம் வரும். விண்ணப்பிக்கவே 1,600 மணி நேரம் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்ததற்குச் சான்று வேண்டும். இடம் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும், அதனால் பலர் வருடக் கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஏ.டி.சி., எழுத்துத் தேர்வுக்குப் பின் மெல்போர்னில் செய்முறைத் தேர்வு. அமெரிக்கா என்றால் ஐ.என்.பி.டி.இ. தேர்வு எழுதி அங்கேயே மறுபடி இரண்டு மூன்று வருடம் படிக்க வேண்டும், கடன் வாங்கும் தெம்பு இருந்தால் யோசியுங்கள்.

எந்த நாடாக இருந்தாலும் இப்போது நீங்கள் சேர்க்கும் கையும் காகிதமும்தான் கேட்பார்கள்.

கடைவாய்:

அரசு வேலையை விட்டுவிட்டோம். எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) எப்போதாவதுதான் பல் மருத்துவருக்கு அறிவிப்பு விடும், இடமும் குறைவு. அதை மட்டுமே நம்பி வீட்டில் உட்காராதீர்கள், ஆனால் அறிவிப்பு வந்தால் எழுதாமலும் விடாதீர்கள். தமிழ்த் தகுதித் தாளில் தேறினால்தான் மற்ற தாளைத் திருத்துவார்கள். கான்வென்ட் பிள்ளைகள் அங்கேதான் வழுக்குகிறார்கள்.

பெரம்பூர்_பல்:

எல்லாருக்கும் நன்றி. மாமாதான் விடமாட்டேன் என்கிறார். "இடம் இருக்கு, எதுக்கு இன்னொருத்தர்கிட்ட கை கட்டி நிக்கணும்" என்று தினமும் போன். லோனுக்கு பேங்க் மேனேஜரிடம் பேசியும் விட்டாராம். மறுத்தால் வீட்டில் சண்டை வரும். என்ன சொல்லிச் சமாளிப்பது?

வேளச்சேரி_டாக்டரம்மா:

மாமாவிடம் இல்லை என்று சொல்லாதே. "இரண்டு வருடம் கழித்து அந்தக் கடையை எனக்கே கொடுங்கள்" என்று சொல். அதற்குள் வாடகைக்கு விட்டுக்கொள்ளட்டும், அவருக்கும் நஷ்டமில்லை. கேட்டால் கீழே இருப்பதைக் காட்டு.

சேரும் கம்ப்ரசரும் மட்டும் கிளினிக் ஆகாது. தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ் பதிவு வேண்டும். எக்ஸ்ரே வைத்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இணையதளத்தில் அந்த மெஷினைப் பதிவு செய்ய வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, மருத்துவக் கழிவை எடுத்துப் போகும் நிறுவனத்தோடு ஒப்பந்தம். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், கையுறை சிவப்பில், ஊசி குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். இதைப் பிரிக்கத் தெரியாத அசிஸ்டன்ட் இருந்தால் பொறுப்பு உன் தலையில். மின்சாரமும் வணிகக் கட்டணத்தில்தான் வரும்.

அடுத்து தண்ணீர். நம்ம ஊர் போர் தண்ணீரை அப்படியே சேரில் விட்டால் உப்புப் படிந்து ஏரோட்டரில் தண்ணீர் வரும் துளை அடைத்துக்கொள்ளும். ஆட்டோகிளேவின் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். சேருக்குத் தனியாக ஆர்.ஓ. தண்ணீர், ஆட்டோகிளேவுக்கு டிஸ்டில்டு வாட்டர். இந்தச் செலவை எந்த லோன் மதிப்பீட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

தரைத்தளம் என்றாயே, மாமாவிடம் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அந்தக் கடைக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேள். எங்கள் வேளச்சேரியில் கம்ப்ரசரை முதல் மாடிக்கு ஏற்றிய பிறகுதான் நான் நவம்பர் மாதம் தூங்குகிறேன். சேரின் சர்க்யூட் போர்டு அடியில்தான் இருக்கும், முழங்கால் அளவு தண்ணீரே அதை முடித்துவிடும். அதற்காக மாடிக்குப் போனால் முட்டி வலி உள்ள தாத்தா பாட்டி ஏற மாட்டார்கள், பல் செட்டுக்கு வருபவர்களே அவர்கள்தான். தரைத்தளமே எடு, ஆனால் மேடை கட்டு, வெள்ளத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் போடு.

கடைசியாக, சொந்த கிளினிக்கில் நீ தனி ஆள். ரூட் கெனாலில் ஃபைல் (வேர்க் குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி) உடைந்தால் பக்கத்து அறைக்குப் போய் "கொஞ்சம் வந்து பாருங்க மேடம்" என்று கூப்பிட ஆள் இல்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் சொன்னதிலிருந்து காசு வாங்கிப் பார்க்கும் மருத்துவர் எல்லாரும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறோம். ஃபைல் உடைவது எல்லாருக்கும் நேர்வதுதான். அதை நோயாளியிடம் அப்போதே சொல்லி, எக்ஸ்ரேயோடு குறிப்பில் எழுதி, எண்டோ கன்சல்டன்டிடம் அனுப்பினால் பெரும்பாலும் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். மறைத்தால்தான் வழக்கு. சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே உன் பெயரில் இண்டெம்னிட்டி இன்சூரன்ஸ் (சிகிச்சை பற்றி வழக்கு வந்தால் காப்பது) எடு, கிளினிக் எடுத்திருக்கிறது என்று சொன்னாலும்.

பைக்_சர்ஜன்:

டாக்டரம்மா பாடப்புத்தகமே எழுதிவிட்டார். என் பங்குக்கு உடம்பைப் பற்றிக் கொஞ்சம்.

ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று டோஸும் முடித்தீர்களா? பூஜ்ஜியம், ஒன்று, ஆறாவது மாதம். முடித்ததோடு விடாதீர்கள், ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு பாருங்கள். 10-க்குக் கீழே இருந்தால் ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம், மறுபடி போட வேண்டும். கல்லூரியில் ஊசி போட்டவர்களில் இந்த டெஸ்ட் எடுத்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஊசி கையில் குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும்.

கழுத்து. மேல் கடைவாய்ப் பல்லை நேராகப் பார்க்க நோயாளியின் முகத்துக்குள் தலையை விடுகிறோமே, அதுதான் நாற்பது வயதில் பிசியோதெரபிஸ்டுக்குக் கட்டும் பணம். வாய்க்குள் வைக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்துச் செய்யப் பழகுங்கள். முதல் ஒரு மாதம் கை எதிர்த்திசையில் போகும், எரிச்சல் வரும். பழகிவிட்டால் ஆயுசுக்கும் முதுகு நிமிர்ந்திருக்கும். முதல் சேமிப்பில் போன் மாற்றுவதற்குப் பதில் லூப்ஸ் (பெரிதாக்கிக் காட்டும் மூக்குக்கண்ணாடி) வாங்குங்கள்.

இன்னொன்று, பல்லை மட்டும் பார்க்காதீர்கள். குட்கா 2013-இலேயே தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது, ஆனாலும் கன்னத்தில் ஹான்ஸ் புகையிலை அடக்கிய வடு தினமும் என் கண்ணில் படுகிறது. வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை என்றால் பல் எடுக்க சிரமமாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாமல் கன்னத்தைத் தடவிப் பாருங்கள். நாக்கின் ஓரத்தையும் அடியையும் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண் என்றால் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பாமல் பயாப்சிக்கு அனுப்புங்கள்.

எட்டாம்நம்பர்:

தாம்பரத்திலிருந்து பெரம்பூருக்கு இரவு எப்படித் திரும்புவீர்கள் என்பதையும் யோசியுங்கள். பார்க் ஸ்டேஷனில் இறங்கி எதிரே சென்ட்ரலுக்கு நடந்து வேறு ரயில் பிடிக்க வேண்டும். ஒன்பது மணிக்குக் கடைசி நோயாளி என்றால் வீடு சேரப் பதினொன்று ஆகும். எட்டு மணிக்கு மேல் எனக்குப் புது அப்பாயின்ட்மென்ட் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லலாம். அதேபோல் அசிஸ்டன்ட் கிளம்பிய பிறகு தனியாக இருந்து நோயாளி பார்ப்பது வேண்டவே வேண்டாம், அது யாருடைய உறவினராக இருந்தாலும்.

கடைவாய்:

வீட்டில் அடுத்து என்ன வரும் என்று நானே சொல்கிறேன். "மாப்பிள்ளை வீட்டில் கிளினிக் வைத்துத் தருவார்கள்." வைத்துத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கவுன்சில் பதிவு எண்ணும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். என் அக்கா அவள் கிளினிக்கிலேயே சம்பளமில்லாத ஊழியர்.

பழைய_போர்செப்ஸ்:

கடைசியில் நல்ல விஷயம் ஒன்று சொன்னார் கடைவாய்.

பெரம்பூர்_பல்:

தாம்பரம் போய் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டோகிளேவ் ஓடுகிறது. ஹேண்ட்பீஸ் நான்கு வைத்திருக்கிறார், மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ரப்பர் டேம் எல்லாருக்கும் இல்லை, ரூட் கெனாலுக்கு உண்டு. ஒரு பாட்டி "மேல் பல்லை எடுத்தா கண்ணு போயிடுமாமே" என்று பயந்தார். மேடம் சிரிக்காமல் கால் மணி நேரம் உட்கார்ந்து படம் வரைந்து விளக்கினார். பாட்டி அன்றைக்குப் பல் எடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார். மேடம் காசும் வாங்கவில்லை.

கணக்கு விஷயமும் கேட்டேன். லேப் பில் கழித்துவிட்டுத்தான் 40. ஆறு மாதத்துக்கு 12,000 அடிப்படை, அல்லது சதவீதம், எது அதிகமோ அது. முதல் இரண்டு மாதம் கடைவாய்ப் பல் ரூட் கெனாலுக்கு அவர் பக்கத்தில் நிற்பார், அதன் பிறகு நானே. வாரத்தில் மூன்று நாள் மதியம்தான் வர வேண்டும், காலையில் நீட் படிக்கலாம். மாமாவிடம் அம்மா பேசிவிட்டார், கடையை மொபைல் ரிப்பேர்காரருக்கு விடுகிறாராம். அண்ணா நகருக்கு வரவில்லை என்று மெயில் போட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம். லேப் பில்லைக் கழிப்பது சரி, ஆனால் லேப் தப்பாகச் செய்து கேப்பை மறுபடி செய்தால் அந்த இரண்டாவது பில்லும் என் கணக்கில் கழியுமா? கேட்க மறந்துவிட்டேன்.

வேளச்சேரி_டாக்டரம்மா:

லேப் தப்பு என்றால் லேப் இலவசமாகவே மறுபடி செய்து தரும், அதற்குப் பில்லே வராது. நாம் பல்லின் அளவு (அச்சு) எடுத்ததில் கோளாறு என்றால்தான் பில் வரும். அதைப் பாதிப் பாதி என்று பேசிக்கொள். அனுப்பும் முன் ஒவ்வொரு அளவையும் வெளிச்சத்தில் வைத்துப் பல்லின் ஓரம் முழுக்கத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பு. டிசம்பர், ஜனவரியில் கச்சேரி சீசனுக்கு வருகிற வெளிநாட்டுத் தமிழர்கள் பத்து நாளில் எல்லாக் கேப்பும் வேண்டும் என்பார்கள். அந்த அவசரத்தில் லேப் சொதப்பும், அப்போது யார் தப்பு என்று காட்ட அந்த போட்டோ உதவும்.

பெரம்பூர்_பல்:

சரி மேடம். இதையும் சேர்த்து தாம்பரம் மேடத்துக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்புகிறேன். திங்கட்கிழமை சேருகிறேன்.